வாங்குகிறவர் தொலைவில் இருக்கிறார்

(நாகர்கோவிலில் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்காக ஆடி மாதத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவைத் தலைவர் ஐயா அவர்களுக்கும், வீடியோ எடுப்பதையே பிழைப்பாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம். வணிக நிறுவனங்களுக்கு இணையத்தில் வீடியோ விளம்பரம் செய்து கொடுக்கும் தொழிலில், நம் ஊர்க் கடைக்காரர்களையும் பட்டறைக்காரர்களையும் வாடிக்கையாளர்களாகப் பெறுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கேமரா வாங்க வேண்டும், எந்தச் செயலியில் எடிட் செய்ய வேண்டும் என்பதை நான் தொடப்போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர ஆள் உண்டு. யாருடைய கடையின் படியில் முதலில் ஏற வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், மூன்று நிமிட மாதிரி வீடியோ ஒன்றைத் தயாரித்து மடிக்கணினியில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். முக்கடலில் சூரியன் உதிப்பது, 133 அடித் திருவள்ளுவர் சிலை, தோவாளையில் விடிவதற்கு முன் பூ மூட்டைகள் இறங்குவது என்று எல்லாமே அழகாகத்தான் இருந்தன. ஒரு துணிக்கடை அண்ணாச்சி அதை முழுவதும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, இதுல எனக்கு வர்ற ஆளு யாரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னிடம் பதில் இல்லை. இன்று உங்களில் பலருடைய கைப்பேசியில் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் வீடியோ இருக்கும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் உங்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மரப்பட்டறை. வேறு வேலையாகப் போயிருந்தேன். வயதான ஓர் அம்மா கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி நிற்கிறார். மறுமுனையில் மஸ்கட்டில் இருந்து மகன் பேசுகிறார். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு நிலையும் கதவும் எடுக்க வேண்டும். "அம்மா, கொஞ்சம் திருப்பிக் காட்டு, ஓரத்துல வெள்ளை இருக்கான்னு பாரு" என்கிறார் மகன். வெள்ளை என்றால் மரத்தின் ஓரத்தில் இருக்கும் உறுதி குறைந்த பகுதி. அம்மாவுக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. பட்டறையின் பின்வாசலில் இருந்து அடித்த வெயிலில் மரமே கறுப்பாகத் தெரிகிறது. நடுவில் இணைப்பும் அறுந்துபோகிறது. அரை மணி நேரம் இப்படிப் போராடிவிட்டு, "அவன் லீவுக்கு வரட்டும்" என்று சொல்லி அம்மா கிளம்பிவிட்டார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "வாரத்துல ரெண்டு மூணு இப்படித்தான் போகுது" என்றார்.

அந்த அரை மணி நேரத்தில்தான் நம் மாவட்டத்தின் வணிகம் எனக்குப் புரிந்தது. இங்கே வீடு கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள், திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர் அம்மாவாகவோ மாமனாராகவோ இருப்பார். பணம் அனுப்புகிறவரும் முடிவெடுக்கிறவரும் எங்கோ ஓர் அறையில் கைப்பேசியோடு இருப்பார். பொருளை நேரில் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் அவர் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்கித் தருவதுதான் வீடியோவின் வேலை. ஆகவே உள்ளூரில் வாடிக்கையாளரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தத் தொழிலில் வாங்குகிறவர் தொலைவில் இருக்கிறாரோ, அந்தத் தொழில் செய்கிறவரிடம் முதலில் போங்கள். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு வீடியோ தேவையில்லை. அவரிடம் போய் அவருடைய நேரத்தையும் நம்முடைய நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

அந்தப் பட்டறைக்கு நான் எடுத்துக் கொடுத்தது ஒன்றரை நிமிட வீடியோ. பின்னணி இசை கிடையாது. ஆசாரி ஒரு தேக்குப் பலகையை வெளிச்சத்தில் நிறுத்தி வைத்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைக்கிறார். ரேகை தெளிவாக எழுந்து நிற்கிறது. அறுத்த முனையைத் திருப்பி, உறுதியான நடுப்பகுதியான வைரம் எதுவரை வந்திருக்கிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துக் காட்டுகிறார். தேக்குக்கும் அயனிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறார். நிலை எத்தனை நாளில் முடியும், வீட்டில் கொண்டுவந்து பொருத்தித் தருவது யார் என்று சொல்லி முடிக்கிறார். விசாரித்து அழைக்கிறவர்களுக்கெல்லாம் பட்டறைக்காரர் அதை வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கினார். பிறகு வந்த அழைப்புகளில் மரத்தைப் பற்றிய சந்தேகம் குறைந்து, அளவும் விலையும் பற்றிய பேச்சே முதலில் வந்தது. எனக்கு மாத ஒப்பந்தம் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

இந்தக் கண்ணோடு மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். மயிலாடியில் கற்சிலை செய்கிறவர்களுக்கு வெளியூர்க் கோயில்களில் இருந்து வேலை வருகிறது. கல்லைத் தேர்ந்தெடுத்தது முதல் கண் திறப்பதற்கு முந்தைய நிலை வரை படிப்படியாகப் பார்க்க அந்தத் திருப்பணிக் குழுவினர் விரும்புவார்கள். வடசேரியில் செய்யும் கோயில் நகைகளை வாங்குகிறவர்களில் பரதநாட்டிய ஆசிரியைகள் நிறைய. ஏழு வயதுக் குழந்தைக்குத் தலைசாமான் எந்த அளவு வேண்டும், அரங்கேற்றத்துக்கு எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. கன்னியாகுமரியில் விடுதி நடத்துகிறவரிடம் அறை எடுப்பவர் வட இந்தியாவில் இருந்துகொண்டு, சன்னலைத் திறந்தால் உண்மையிலேயே கடல் தெரியுமா என்று கேட்கிறார். இவர்கள் எல்லோருக்கும் வாங்குகிறவர் தூரத்தில்.

தேன் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வீடியோவை எடுப்பது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது அதுதான். மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு தேனீ வளர்ப்பாளரின் வீட்டுத் திண்ணையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து, அவருக்கு வந்த அழைப்புகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். வெளியூரில் இருந்து பேசியவர்களில் பலர் சொன்ன குறை ஒன்றே: "தேன் அடியில் கட்டிப்போய்விட்டது, சர்க்கரை கலந்திருக்கிறீர்கள்." அவர் ஒவ்வொருவரிடமும் மன்றாடிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தேன். ரப்பர் மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும் தை மாதத்தை ஒட்டிய பருவத்தில், இலைக்காம்பின் நுனியில் உள்ள சிறு சுரப்பிகளில் இனிப்புநீர் கசிகிறது. தேனீக்கள் அதைத்தான் எடுத்து வருகின்றன. அந்தத் தேனில் குளுக்கோஸ் மிகுதி. அதனால் சீக்கிரம் உறைந்துபோகும். கலப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நான் அவரையே பேசச் சொன்னேன். உறைந்த புட்டி ஒன்றைக் கையில் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் இறக்கி வைத்து, அது மெல்லக் கரைவதைக் காட்டியபடி, தளிர் இலையின் காம்பில் மின்னும் துளியையும் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்னால் அவருக்கு வேறு ஒருவர் எடுத்துக் கொடுத்திருந்த வீடியோவில் பச்சைத் தோட்டமும் பறக்கும் தேனீக்களும் சினிமாப் பாட்டும் இருந்தன. கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைச் செய்து காட்டித்தான் பரப்பினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஆகவே ஒரு கடைக்குப் போனால் உங்கள் திறமையைப் பற்றிப் பேசாதீர்கள். "உங்களிடம் போனில் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் மூன்று கேள்விகளே நீங்கள் எடுக்க வேண்டிய முதல் மூன்று வீடியோக்கள்.

இத்தகையவர்களை எங்கே கண்டுபிடிப்பது என்றால், ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரரிடம் பழகுங்கள். அடுத்த மாதம் யார் கடை திறக்கிறார்கள், யார் இரண்டாவது கிளை போடுகிறார்கள் என்பது முதலில் தெரிவது அவருக்குத்தான். வரிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஓர் அறிமுகம் இருக்கட்டும். ஆடிட்டர் சொல்லி அனுப்பிய ஆள் என்றால் கடைக்காரர் உட்காரச் சொல்லிப் பேசுவார். மாலையில் கூகுள் மேப்பைத் திறந்து, நீங்கள் அன்று நடந்து போன சாலையில் உள்ள கடைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொலைபேசி எண் தவறாக இருக்கும், வாசல் படம் ஐந்து வருடம் பழையதாக இருக்கும், வெளியூர்க்காரர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குறையை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு இயல்பாகத் தொடங்கும். அந்தப் பக்கத்தில் 30 வினாடி வீடியோவை ஏற்றவும் வழி இருக்கிறது என்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது.

எப்போது போவது என்பதும் முக்கியம். நம் மாவட்டத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இரண்டு கடலும் உள்ள மாவட்டம் என்பதால் சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு, குளச்சலுக்கு வேறு கணக்கு. படகுகளைப் பழுது பார்ப்பதும் இயந்திரம் மாற்றுவதும் அந்த நாட்களில்தான். அந்தத் தொழில் செய்கிறவரிடம் தடை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னால் போக வேண்டும், தடைக்காலத்தில் போனால் அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இராது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். விடுதிக்காரர்களிடம் புரட்டாசியிலேயே பேசிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் துணியும் விற்கிறவர்களும் அப்படியே. இப்போது ஆடி, பல துணிக்கடைகளில் தள்ளுபடிக் கூட்டம், அங்கே போகாதீர்கள். பொதுவாகவே போணி ஆவதற்கு முன்னால் எந்தக் கடை வாசலிலும் நிற்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணி வாக்கில், முதலாளி நிதானமாக இருப்பார்.

நம்மிடம் உள்ள ஒரு வசதியை நாமே மதிப்பதில்லை. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழைப் போலவே மலையாளமும் சரளமாக வரும். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அப்பால் வாடிக்கையாளர் உள்ள கடைக்கு, அதே காட்சிகளுக்கு மலையாளக் குரல் கொடுத்து இன்னொரு வீடியோவும் தருகிறேன் என்று சொல்லுங்கள். பெரிய நகரத்தில் இருந்து வரும் நிறுவனத்தால் இதை எளிதில் செய்துவிட முடியாது. ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பணம் கட்டி விளம்பரம் போடும்போது எந்த ஊரில், எந்த மொழி பேசுகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று குறித்துக் கொடுக்கலாம்; மஸ்கட்டில் உள்ள தமிழருக்கு மட்டும் காட்டவும் வழி உண்டு. யூடியூபில் 5 வினாடிக்குப் பிறகு தள்ளிவிடக்கூடிய விளம்பரங்களில், பொருளின் பெயரும் ஊரின் பெயரும் அந்த 5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும்.

சில வேலைகளை ஏற்கக் கூடாது. நம் மாவட்டம் வர்மத்துக்கும் சித்த வைத்தியத்துக்கும் பெயர் பெற்றது. சர்க்கரை நோயை அடியோடு தீர்த்துவிடுவோம் என்று வீடியோ போடச் சொல்லி அழைப்புகள் வரும். சர்க்கரை நோய் உட்படப் பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அலோபதி மருத்துவர்கள் விளம்பரத்தின் மூலம் நோயாளிகளை அழைப்பதையும் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. பல் வலி வந்தால் என்ன செய்யலாம் என்று மருத்துவர் விளக்குவது வேறு. என்னிடம் வாருங்கள் என்று கூவுவது வேறு. அந்த எல்லையை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொன்னால், அவருக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும்.

இனிப் பணம். முதல் வீடியோவை இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். குறைந்த கட்டணமாக இருக்கலாம், கட்டணம் இருக்க வேண்டும். பணம் கொடுத்தவர்தான் பணியாளைக் கூப்பிட்டு விளக்குப் போடச் சொல்வார், வீடியோ வந்ததும் நான்கு பேருக்கு அனுப்பிப் பார்ப்பார். இத்தனை ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அழைத்தார்கள் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்கள். மாத முடிவில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் பேசலாம். ஒரே தெருவில் ஒரே தொழில் செய்யும் இரண்டு பேரின் வேலையை ஒரே நேரத்தில் ஏற்காதீர்கள். நம் ஊரில் அது ஒரு நாளில் தெரிந்துவிடும்.

கடையின் இணையக் கணக்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடைக்கு முன்பு வேலை செய்த ஒருவர், கடையின் ஃபேஸ்புக் பக்கத்தையும் யூடியூப் சேனலையும் தன் பெயரிலேயே தொடங்கியிருந்தார். மனத்தாங்கல் வந்தபோது எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வருட உழைப்பு. அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் வீடியோ என்று வருகிற எந்தப் பையனையும் உள்ளே விடுவதில்லை. அவர் பேரில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கணக்குகள் முதலாளியின் எண்ணில், முதலாளியின் மின்னஞ்சலில் இருக்கட்டும். விளம்பரத்துக்கான பணத்தை உங்கள் கையில் வாங்காமல், அவருடைய அட்டையில் இருந்தே நேரடியாகச் செலுத்தச் செய்யுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி வீடியோவை ஒப்படைக்கும்போது. எத்தனை வீடியோ, எத்தனை முறை திருத்தம், எடுத்த மூலக்காட்சிகள் யாருக்கு என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பயன்படுத்தும் தாளில் கடைப் பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு ஐம்பது நகல் எடுத்து வந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தேநீருக்குப் பிறகு, நீங்கள் முதலில் ஏறப்போகும் கடை எது, அங்கே வாங்குகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசுவோம்.