வாடகை சைக்கிள் கடை அண்ணாச்சி இல்லாமல் பொதுச் சைக்கிள் ஓடுமா?

[காட்சி: திருநெல்வேலி வண்ணார்பேட்டை, காலை எட்டரை மணி. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பைக் கூட்டம். நடுவில் ஒரே ஒரு சைக்கிள்.]

வணக்கம் மக்களே. உங்களில் எத்தனை பேர் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியிருக்கிறீர்கள்? நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் கையைத் தூக்குவீர்கள் என்று தெரியும். கடை வாசலில் வரிசையாகச் சைக்கிள் நிற்கும், மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும், அண்ணாச்சி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நம்மை ஏற இறங்கப் பார்த்து, "யாரு மவன்லே நீ? எந்தத் தெரு?" என்பார். அப்பா பேரைச் சொன்னால் போதும். ஆதார் கிடையாது, டெபாசிட் கிடையாது, மணியைக் குறித்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுவார். குரங்குப் பெடல் போட்டு விழுந்து எழுந்து ஒரு மணி நேரத்தில் கொண்டு வந்து விட்டுவிட வேண்டும்.

பொதுச் சைக்கிள் பகிர்வு என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது இந்தக் கடைதான். ஒரே வித்தியாசம், இங்கே எடுத்து அங்கே விடலாம். ஜங்ஷனில் எடுத்து பாளை மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம், திரும்ப வரும்போது அதே சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. சொல்லும்போது ரொம்ப சுலபம். ஆனால் கடையை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டு அண்ணாச்சியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? திருநெல்வேலி மாதிரி ஒரு ஊரில் இது வந்தால் எப்படி வர வேண்டும் என்பதை இந்தக் கேள்வியை வைத்தே பார்ப்போம்.

[காட்சி: பழைய ஆம்ஸ்டர்டாம் தெரு, வரைபடமாக.]

முதலில் அண்ணாச்சியே இல்லாமல் செய்து பார்த்தார்கள். 1965, ஆம்ஸ்டர்டாம். புரோவோ என்ற இளைஞர் குழு சில சைக்கிள்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, பூட்டாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், போன இடத்தில் விட்டுவிடலாம். போலீஸ் வந்து பறிமுதல் செய்துவிட்டது, காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: சைக்கிளைப் பூட்டாமல் நிறுத்துவது அந்த ஊர்ச் சட்டப்படி தப்பு.

அப்புறம் 1995-ல் கோபன்ஹேகன். இருபது குரோனர் நாணயத்தை உள்ளே தள்ளினால் பூட்டு திறக்கும், திருப்பி விட்டால் நாணயம் கையில் வரும். நல்ல யோசனைதான், ஆனால் எடுத்தது யார் என்று எங்கேயும் பதிவு கிடையாது, அதனால் நிறையத் திருட்டுப் போனது. இருபது குரோனருக்கு ஒரு சைக்கிள் கிடைக்கிறது என்றால் யார் விடுவார்கள்?

1998-ல் பிரான்சில் ரென் என்ற ஊரில் கார்டு வந்தது. கார்டைக் காட்டினால்தான் சைக்கிள். அதாவது, ஒரு மெஷின் "யாரு மவன்லே நீ" என்று கேட்டது. ரென் ஒன்றும் பாரிஸ் இல்லை, இரண்டு லட்சம் பேர் இருக்கிற ஊர். திருநெல்வேலி மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்புப்படியே 4.7 லட்சம் பேர். "இதெல்லாம் பெரிய ஊர்க்காரன் சமாசாரம்" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் 2005-ல் லியோன், 2007-ல் பாரிஸ் என்று உலகம் முழுக்கப் பரவியது.

[காட்சி: பின் சக்கரப் பூட்டு, அருகில். போனில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும் கை.]

இன்றைய பூட்டு எப்படி வேலை செய்கிறது? பூட்டுக்குள் ஒரு சிம், ஒரு ஜிபிஎஸ், ஒரு சின்ன பேட்டரி. நீங்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அது சர்வருக்குப் போகும், உங்கள் கணக்கில் காசு இருக்கிறதா என்று பார்த்து, பூட்டுக்கு "திற" என்று கட்டளை வரும். பூட்டினால் கணக்கு முடியும். பேட்டரிக்கு சார்ஜ், சக்கரத்து டைனமோவிலிருந்தோ கூடையில் பொருத்திய சோலார் தகட்டிலிருந்தோ வரும். அண்ணாச்சியின் நோட்டு, கடிகாரம், சாவிக்கொத்து மூன்றும் ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது.

சரி, பூட்டு சைக்கிளிலேயே இருக்கிறதே, அப்புறம் நிலையம் எதற்கு, எங்கே வேண்டுமானாலும் விடலாமே என்று தோன்றும். சீனாவில் அப்படித்தான் செய்தார்கள். ஓஃபோ, மொபைக் என்று இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் சைக்கிளைக் கொட்டின. 2017, 2018 வாக்கில் மைதானம் மைதானமாகக் கைவிடப்பட்ட சைக்கிள் மலைகளின் படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓஃபோ இந்தியாவுக்கும் வந்தது, நம்ம கோவைக்கும் வந்தது, 2018-லேயே மூட்டையைக் கட்டிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் சீனாவில் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு ஒரு கோடிப் பேருக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். 99 யுவான், 199 யுவான் என்று சின்னத் தொகைதான், ஆனால் கோடிப் பேர் தொகை.

அதனால் என் கட்சி, நம்ம ஊருக்கு நிலையம் வேண்டும். இரும்புத் தூணும் கம்ப்யூட்டரும் வைத்த நிலையம் கட்ட முடியாவிட்டால், தரையில் பெயிண்ட் அடித்த கட்டமாவது வேண்டும், அந்தக் கட்டத்துக்குள் நிறுத்தினால்தான் மீட்டர் நிற்க வேண்டும். ஏற்கெனவே நடைபாதையில் கடையும் பைக்கும் போக மிச்சம் இருப்பது ஒரு சாண். அதிலும் சைக்கிளைச் சாய்த்துப் போட்டால் முதல் வாரத்திலேயே ஊர் இந்தத் திட்டத்தைத் திட்ட ஆரம்பித்துவிடும்.

[காட்சி: மாநகராட்சி வரைபடம். பாளை, ஜங்ஷன், டவுன் ஒளிர்கின்றன.]

எங்கே வைப்பது? இங்கேதான் நிறைய ஊர்கள் சறுக்குகின்றன. மாநகராட்சியில் 55 வார்டு இருக்கிறது, வார்டுக்கு ஒரு நிலையம், எல்லாருக்கும் சமமாக என்று பங்கு போடத் தோன்றும். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஓடாது. இறங்குகிற இடத்திலிருந்து இன்னொரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றால் யார் சைக்கிளைத் தொடுவார்கள்? ஐடிடிபி என்ற போக்குவரத்து அமைப்பு 2013-ல் போட்ட வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது: 300 மீட்டருக்கு ஒரு நிலையம், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 10 நிலையம், ஆயிரம் பேருக்குக் குறைந்தது 10 சைக்கிள். ஒரு சைக்கிளுக்கு இரண்டு நிறுத்துமிடமாவது வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தபின் விட இடமில்லாமல் அடுத்த நிலையத்துக்கு மிதிக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை அப்படியே போட்டால் நமக்குத் தலை சுற்றும். 2017-ல் மைசூரில் டிரின் டிரின் என்ற பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது 450 சைக்கிள், 48 நிலையம். அதுவே நம்மைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மக்கள் உள்ள ஊர். ஆகவே ஊர் முழுக்க வேண்டாம். ஒரு துண்டை எடுத்து நெருக்கமாக நிரப்ப வேண்டும். அந்தத் துண்டு எது?

இதற்கு, யார் ஓட்டப்போகிறார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. ஊருக்குள் வீடு இருப்பவரிடம் பைக் இருக்கிறது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, இலவசத்தோடு எந்தச் சைக்கிளும் போட்டி போட முடியாது. மிச்சம் யார்? வெளியூரிலிருந்து வண்டியில்லாமல் வந்து இறங்குகிறவர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் ஜங்ஷனுக்கு வந்து சேரும் கல்லூரிப் பையன், திருச்செந்தூர் லைனில் பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்குகிறவர், நாங்குநேரியிலிருந்து வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போகிறவர். இவர்களுக்குத்தான் கடைசி இரண்டு கிலோமீட்டர் தினமும் ரோதனை. இதில் பெண்களும் உண்டு, பஸ் இலவசம் என்றாலும் பஸ் வர வேண்டுமே, கல்லூரி கேட் வரைக்கும் போக வேண்டுமே.

அப்படிப் பார்த்தால் துண்டு தானாகவே தெரிகிறது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்ட், சேவியர்ஸ், ஜான்ஸ், சாரா டக்கர் கல்லூரிகள், வ.உ.சி. மைதானம், ஐகிரவுண்டு, சமாதானபுரம். டவுன் ரத வீதி இரண்டாம் கட்டம். நெல்லையப்பர் கோவிலுக்கு வருகிறவர்கள் அல்வா வாங்க வரிசையில் நின்று பழகியவர்கள், கொஞ்ச நாள் காத்திருப்பார்கள்.

[காட்சி: சுலோச்சன முதலியார் பாலம், ஆற்றுக்குள்ளிருந்து.]

ஜங்ஷனையும் பாளையையும் சேர்த்தால் தாமிரபரணி ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும். 1843-ல் திறந்த பாலம் இது. ஊரில் வசூல் செய்து கட்டலாமா, சுங்கம் போடலாமா என்று பேச்சு நடந்தபோது, கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலம். பாலத்தில் சைக்கிளுக்கென்று தனியாக ஒரு கோடு போட்டுத் தராமல் நிலையம் மட்டும் திறந்தால், பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை ஓட்டியவர் மறு தடவை ஓட்ட மாட்டார்.

இன்னொன்று, மேடு. ஆற்றோரம் தாழ்வு, பாளை மேடு. ஐகிரவுண்டு, அதாவது ஹை கிரவுண்ட், பேரிலேயே மேடு இருக்கிறது. இறக்கத்தில் எல்லாரும் சைக்கிளில் வருவார்கள், ஏற்றத்துக்கு ஆட்டோ பிடிப்பார்கள், சாயங்காலம் பார்த்தால் மேலே ஒரு சைக்கிளும் இருக்காது, கீழே நிறுத்த இடம் இருக்காது. பாரிசில் மேட்டு நிலையங்களில் இதே கதை நடந்து, அங்கே கொண்டு வந்து விட்டால் கூடுதலாகக் கால் மணி நேரம் இலவசம் என்று கொடுத்தார்கள். நமக்கு மேடு போதாதென்று ஆடிக் காற்று வேறு. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் பாளையிலிருந்து டவுனுக்கு மிதிப்பது என்பது நின்ற இடத்திலேயே மிதிப்பது மாதிரி. திரும்பி வரும்போது மிதிக்கவே வேண்டாம், அது வேறு விஷயம். அந்த இரண்டு மாதமும் சைக்கிள் எல்லாம் கிழக்கே வந்து குவியும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு இடத்தில் குவிந்ததை அள்ளி இன்னொரு இடத்தில் வைக்க ஒரு குட்டியானை வண்டியும் இரண்டு ஆளும் தினமும் வேண்டும். இந்தச் செலவைத்தான் திட்ட அறிக்கையில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

நிலையத்தை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு 2023 டிசம்பர் வெள்ளம் பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. ஜங்ஷன் பகுதியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கோடு பார்த்தவர்களிடம் கேட்டுவிட்டுத் தூணை நடுங்கள். பூட்டுக்குள் சேறு போனால் பூட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

[காட்சி: சைக்கிள் பட்டறை. தலைகீழாக நிறுத்திய சைக்கிள், சுற்றும் சக்கரம்.]

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்? குறுக்குக் கம்பி வேண்டாம், சேலையோ சுடிதாரோ கட்டியவர் ஏறி இறங்க வேண்டும். செயின் கவர் முழுசாக மூட வேண்டும், சீட்டை ஸ்பானர் இல்லாமல் ஏற்றி இறக்க முடிய வேண்டும். பஞ்சரே ஆகாத கெட்டி டயர் என்று ஒன்று விற்பார்கள், மேட்டில் மிதித்தால் தொடை கழன்றுவிடும். நான் காற்று டயர் பக்கம்தான். காற்று இறங்கும், தெரியும்.

காற்று இறங்கினால் அடிக்க ஆள் வேண்டுமில்லையா? இதற்குத்தான் சுற்றி வளைத்து வந்தேன். பூட்டு, நோட்டு, சாவி எல்லாவற்றையும் மெஷினுக்குள் அடக்கிவிட்டோம். ஆனால் சாயங்காலம் கடை மூடும் முன் ஒவ்வொரு வண்டியாகப் பிடித்து பிரேக் கட்டை பார்த்து, ஸ்போக்ஸ் முறுக்கி, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டாரே, அந்த அண்ணாச்சி போன் ஆப்புக்குள் வரமாட்டார். ஒரு சைக்கிள் ஒரு நாளைக்கு நாலு பேர் கையில் போக வேண்டும் என்பதுதான் குறி. நாலு பேர் ஓட்டுகிற சைக்கிள் வீட்டுச் சைக்கிளை விட நாலு மடங்கு வேகமாகத் தேயும்.

டெண்டர் போடுகிறவர்கள் "இத்தனை சைக்கிள் வாங்கித் தர வேண்டும்" என்று எழுதினால், கம்பெனி வாங்கி நிறுத்திவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும். "காலையில் ஓடுகிற நிலையில் எத்தனை சைக்கிள் நின்றதோ அதற்குத்தான் காசு" என்று எழுத வேண்டும். நம்ம ஊரில் வாடகைக்கடை போனபின் பஞ்சர் ஒட்டிக்கொண்டு மிச்சம் இருக்கிற பட்டறைக்காரர்களுக்கு நிலையத்துக்கு இவ்வளவு என்று மாதக் கூலி பேசி ஒப்படைத்தால், வெளியூர் மெக்கானிக் வரும்வரை வண்டி சாய்ந்து கிடக்காது.

எப்போதாவது திறப்பு விழா நடந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். ஆறு மாதம் கழித்து, மழை முடிந்த ஒரு காலையில் ஏழு மணிக்கு வண்ணார்பேட்டை நிலையத்துக்குப் போங்கள். போனை வெளியே எடுக்க வேண்டாம். வரிசையாக நிற்கிற சைக்கிள்களின் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பத்தில் எத்தனை அமுங்குகிறது என்று எண்ணுங்கள்.

[காட்சி: டயரை அழுத்தும் கட்டைவிரல். ஒலி மட்டும்: காற்றடிக்கும் பம்ப்.]