ஒற்றைச் சிறுநீரகமும் ஒழுகும் புரதமும்

வணக்கம் நேயர்களே. வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கும்போது ஒரு கிட்னிதான் தெரிகிறது என்று டாக்டர் சொன்னால், பெற்றவர்கள் பதறிப்போகிறார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து ஓடியாட ஆரம்பித்ததும் அந்த ரிப்போர்ட் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்ட லயங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். அந்தக் காகிதத்தை வெளியே எடுக்கச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஏறக்குறைய 1000 குழந்தைகளில் ஒன்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கிறது. பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள், பயம் வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் வடிகட்டிகள். கர்ப்பத்தின் 36ஆவது வாரத்தையொட்டி அவை உருவாவது நின்றுவிடும். பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. நாலு பேர் நிரையை ரெண்டு பேர் பறித்தால் கொழுந்து என்னவோ தேறிவிடும், ஆட்கள் தேய்ந்துபோவார்கள். அப்படித்தான், இருக்கிற ஒவ்வொரு வடிகட்டியிலும் அழுத்தம் ஏறி, ஆண்டுகள் போகப்போக அங்கங்கே தழும்பு விழலாம். ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும். பிறவியிலேயே வடிகட்டி குறைந்தவர்களுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தம் வரக்கூடும் என்று 1988இல் சிறுநீரக ஆய்வாளர் பிரென்னர் குழுவினர் சொன்ன கருத்து இதற்கு அடித்தளம். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கும் வடிகட்டிகள் குறைவாக இருக்கலாம், அவர்களையும் இதில் மறக்கக் கூடாது.

மரபணு வழியும் உண்டு. பாக்ஸ்2 என்ற மரபணு கருவில் சிறுநீரகத்தை உருவாக்குவதில் பங்கு வகிக்கிறது. அதில் பழுது வந்தால் சிலருக்குச் சிறுநீரகமே சிறுத்துப் பிறக்கிறது. வேறு சில குடும்பங்களில் வளர்ந்த பிறகு வடிகட்டியில் தழும்பு விழுகிறது. ஆகவே அண்ணனுக்குப் பிறவிக் கோளாறு, தங்கைக்குப் புரத ஒழுக்கு என்றால் இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு சிறுநீரகமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறக்கும் குதிரைலாட வடிவச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு வேறு வகை வடிகட்டி நோய்கள் வந்ததும் பதிவாகியிருக்கிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

தேனிக்கு இறங்கினாலும் கோட்டயத்துக்குப் போனாலும் பழைய ஸ்கேனைக் கையோடு கொண்டுபோங்கள். வருடம் ஒருமுறை பிரஷர் பார்த்து, சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். மஞ்சள் கட்டம் பச்சைக்குத் திரும்பினால் புரதம் போகிறது. வலியே இருக்காது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே பிடித்தால் எனாலாப்ரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும். கர்ப்பத்தில் அவை ஆகாது, பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்பே சொல்லிவிடுங்கள். கொழுந்து சுமந்த இடுப்பு வலிக்கு மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்குகிறோமே, அந்த வலி மாத்திரை ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.