எக்காள ஈயும் குடியாத்தம் மாந்தோப்பும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்த முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் போட்ட தம்பிகளே, தோப்புக் குத்தகைக்காரர்களே, அடுப்பு வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். முதலாவது ஓர் ஈயைப் பற்றி. சிரிக்காதீர்கள், சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் எல் சொப்லாவ் என்ற இடத்தில் அம்பர் கிடைக்கிறது. வேறொன்றுமில்லை, மரம் வடித்த பிசின் மண்ணுக்குள் இறுகிப்போனது. நம் முருங்கைப் பிசினில் எறும்பு ஒட்டிச் சாகிறதே, அந்த மாதிரி அங்கே ஓர் ஈ மாட்டிக்கொண்டது, ஏறக்குறைய 10.5 கோடி ஆண்டுக்கு முன்னால். பெயர் புக்சினேட்டர்மையா, அதாவது எக்காளம் ஊதும் ஈ. அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல். அதன் உடம்பில் மகரந்தம் கட்டிகட்டியாக ஒட்டியிருந்ததை ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். பூச்செடியின் மகரந்தம்கூட இல்லை, பூக்காமல் பனை போல ஓலை விரிக்கும் சைக்கஸ் செடியின் சாயலில் இருந்த ஏதோ ஒரு மரத்துடையது. இன்று அந்த மரவகையும் இல்லை, அந்த ஈயின் குடும்பமே இல்லை.

இப்போது எங்கள் மாமா கதை. குடியாத்தம் பக்கம் தோப்பு. ஒரு தை மாதம் மரமெல்லாம் பூ, பிஞ்சைக் காணோம். ஈ வந்தால்தான் காய் பிடிக்கும், கருவாடு கட்டு என்று யாரோ சொல்ல, மனுஷர் ஒரு கோணி கருவாடு வாங்கி மரத்துக்கு மரம் தொங்கவிட்டார். மறுநாள் மகளைப் பெண் பார்க்க ஆம்பூரிலிருந்து வருகிறார்கள் என்பதே மறந்துவிட்டது! கார் கதவைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சம்பந்தி, இது தோப்பா, மீன் மார்க்கெட்டா?" என்றார். அத்தைக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. "சம்பந்தின்னு சொல்லிட்டாரு, தட்டை மாத்துங்க!" காயும் பிடித்தது, கல்யாணமும் நடந்தது. ஊர்ப் பூனைகள் மட்டும் ஒரு மாதம் தோப்பை விட்டுப் போகவில்லை.

சொல்கிறேன், அன்று அந்த மரத்துக்குப் போலவே இன்று மாம்பூவுக்கும் மகரந்தம் சுமப்பதில் ஈக்குத்தான் பெரிய பங்கு. நாமோ தத்துப்பூச்சிக்கு என்று பூ விரிந்திருக்கும்போதே மருந்து அடித்து, கூலியில்லாமல் வேலை செய்கிறவனையும் சேர்த்துக் கொல்கிறோம், அப்புறம் காய் இல்லை என்று ஜோசியரிடம் போகிறோம். சிறு துரும்பு, ஐயா, சிறு துரும்பு!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். சரி, இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்த கூட்டத்தில். பூ விரிந்த நாட்களில் மருந்து அடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட வாசலில் நோட்டு இருக்கிறது. பேனா என்னிடம் கேளுங்கள், போன தடவை வைத்த பேனா இன்னும் வரவில்லை.