பார்க்ஸ்ட்ராஸே 22

அவையோருக்கு வணக்கம். என் வலப்பக்கம் நின்று சைகை மொழியில் பெயர்த்துச் சொல்லும் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "ஜெர்மன் பெயர் வந்தால் நிறுத்திச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாக விரலில் காட்ட வேண்டும்." அதனால் இன்று கொஞ்சம் மெதுவாகத்தான் போவேன்.

ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் காது கேளாதவர்களுக்கு நேர்ந்ததை நினைக்கத்தான் கூடியிருக்கிறோம். முதல் பெயரே நீளமானது. பார்க்ஸ்ட்ராஸே. பெர்லினில் வைசென்ஸே என்ற பகுதியில் இருக்கும் தெரு. மார்க்குஸ் ரைஷ் என்ற ஆசிரியர் காது கேளாத யூதப் பிள்ளைகளுக்காக 1873-இல் வேறொரு ஊரில் தொடங்கிய பள்ளி, 1890-இல் இந்தத் தெருவின் 22-ஆம் எண்ணுக்கு வந்து சேர்ந்தது. தங்கிப் படிக்கும் பள்ளி. அவருக்குப் பின் மகன் பெலிக்ஸ் ரைஷ் பொறுப்புக்கு வந்தார்.

1933 ஜூலையில் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரைக் குறை உள்ளவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம். அதன் பட்டியலில் பரம்பரைச் செவிடும் உண்டு. யூதர், யூதரல்லாதவர் என்ற பேதமே இல்லை. சுமார் 4 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் அறுவை மேசைக்கு இழுக்கப்பட்டார்கள். அவர்களில் 17 ஆயிரம் பேர் வரை காது கேளாதவர்கள் என்று ஹோர்ஸ்ட் பீசோல்ட் கணக்கிட்டார். அவரே காது கேளாதோர் பள்ளி ஆசிரியர். யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று தேடிப் போனவருக்கு, பல இடங்களில் தன் தொழிலைச் சேர்ந்தவர்களின் கையெழுத்தே கிடைத்தது. உதட்டசைவைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியர்கள்தான், இந்தப் பிள்ளைக்குப் பரம்பரைக் குறை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் இந்த மேடைக்கு அழகல்ல. ஜெர்மனியின் காது கேளாதோர் சங்கமும் யூத உறுப்பினர்களை வெளியேற்றியது. காது கேளாதவர்களே பழுப்புச் சட்டை போட்டு நாஜிப் படையில் அணிவகுத்தார்கள். சங்கம் என்றால் அவர்களுக்கு வெறும் கூட்ட அறை இல்லை. வீட்டில்கூட ஒருவருக்கும் சைகை தெரியாத ஆளுக்கு, வாய்விட்டு, தப்பு, கைவிட்டுப் பேச இருந்த ஒரே இடம் அது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது. நான்கு மாடி உயரத்திலிருந்து வந்த வெறுப்பைவிட, பக்கத்து நாற்காலியில் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதிகம் வலித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பெலிக்ஸ் ரைஷுக்கு வருவோம். 1939 கோடையில் அவர் பத்துப் பிள்ளைகளை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே யூதக் காது கேளாதோர் பள்ளி ஒன்று இருந்தது. இவர்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் போய், மிச்சமிருந்தவர்களையும் அழைத்து வருவது திட்டம். செப்டம்பரில் போர் மூண்டது. திரும்பும் வழி அடைபட்டது. ஜெர்மன்காரர் என்பதால் பிரிட்டன் அவரையே எதிரி நாட்டவராகக் காவலில் வைத்தது. பத்துப் பேரை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். ஒரு வகுப்பில் இரண்டு பெஞ்சு. அந்தப் பயணத்தில் தப்பியது அவ்வளவுதான்.

1942-இல் பார்க்ஸ்ட்ராஸே 22-ஆம் எண் வீட்டிலிருந்து காது கேளாத யூதர்கள் 146 பேரை நாஜிகள் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று கட்டடத்துச் சுவரில் இருக்கும் பலகை சொல்லும் எண் அது. அதில் அவர்களைக் குறிக்கும் ஜெர்மன் சொல், நம் பழைய "செவிட்டூமை" மாதிரி. இன்று யாரும் விரும்பாத சொல். ஆனால் பலகையில் இருக்கிறது, இருக்கட்டும்.

நாஜி வதைமுகாமில் காது கேளாமல் இருப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். பின்னாலிருந்து "நில்" என்று ஒருவன் கத்துகிறான். நீங்கள் நடந்துகொண்டே இருக்கிறீர்கள். கீழ்ப்படியாமை என்று அவன் எடுத்துக்கொண்டால் துப்பாக்கிதான். பிழைத்து வந்தவர்கள் பலர், காது கேளாததை மறைத்தே நாளைக் கடத்தினோம் என்கிறார்கள். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் முழங்கையால் இடித்தால் தன் எண் கூப்பிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கையால் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தாய்மொழியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்.

அதே பெர்லினில் ரோசென்தாலர் ஸ்ட்ராஸே 39-இல் ஒட்டோ வைட் என்பவர் துடைப்பமும் தூரிகையும் செய்யும் பட்டறை நடத்தினார். கண் தெரியாத, காது கேளாத யூதர்கள்தான் அவருடைய தொழிலாளிகள். அவருக்கே பார்வை மங்கிக்கொண்டிருந்தது. ராணுவத்துக்குத் துடைப்பம் தேவை என்ற சாக்கைப் பிடித்துக்கொண்டு, கெஸ்டாப்போ என்ற நாஜி ரகசியப் போலீசுக்கு லஞ்சம் கொடுத்து, பிடித்துச் செல்லப்பட்ட தொழிலாளிகளை ஒருமுறை மீட்டுக்கொண்டும் வந்தார். ஒரு குடும்பத்தைப் பின்னறையில் ஒளித்து, கதவை அலமாரியால் மறைத்தார். எல்லாரையும் காப்பாற்ற அவராலும் முடியவில்லை. பட்டறை இன்று அருங்காட்சியகம்.

இந்த மாதிரிக் கூட்டத்தை ஒரு நிமிட மௌனத்தோடு முடிப்பதுதான் நம் வழக்கம். நேற்று இந்த அம்மாவிடம் கேட்டேன். அவருடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. "எங்கள் வீட்டில் மௌனம் என்றால் கையைக் கீழே போடுவதுதான் சார்" என்றார்.

சரி, எழுந்து நிற்போம். கைகளைக் கீழே விடுங்கள். அம்மா, நீங்களும்.