காற்றாலை இறக்கையும் அதைச் செய்யும் கைகளும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்வருகிறவர்களுக்குக் காற்றாலை இறக்கை புதிதில்லை. அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும், வடிவமைப்புப் படம் வரையும்போதே அதைச் செய்கிறவரை நினைத்து வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இவ்வளவு பெரிய பொருளை எந்திரமே செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைக்கும் அதில் பெரும்பகுதி கைவேலைதான். நீளமான அச்சுக்குள் கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். இடையிடையே எடை குறைந்த பால்சா மரம் அல்லது நுரைப் பலகை வைப்பார்கள். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, எப்பாக்சி ரெசின் என்கிற, இறுகும் பிசினை உள்ளே விடுவார்கள். அது துணி முழுக்க ஊறி இறுகும். இப்படி மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று தயாராகும். நடுவில் 'வெப்' என்கிற தடுப்புச் சுவரை நிறுத்தி, பசை இட்டு, ஓர் ஓட்டின்மேல் மற்றதைக் கவிழ்த்து மூடுவார்கள்.

மூடும் அந்த நேரம்தான் எனக்கு எப்போதும் கவலை தருவது. உள்ளே பசை பரவியதா, இடைவெளி விட்டதா என்று கண்ணால் பார்க்க வழியே இல்லை. வெப்பின் உயரம் சில மில்லிமீட்டர் குறைந்தால் அங்கே பசை தடித்துவிடும், அல்லது ஒட்டாமலே போகும். ஒலியலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனையில் குறை தெரிந்தாலும் நுனிப்பக்கம் ஆள் நுழைந்து சரிசெய்ய முடியாது. அந்த இறக்கையோ இருபது ஆண்டுகளில் பத்து கோடித் தடவைக்கு மேல் வளைந்து நிமிர வேண்டும். சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்கிற இணைப்பை வரைந்து தருவது வடிவமைப்பாளரின் கடமை. ஒட்டுகிறவரின் கவனத்தை மட்டும் நம்பி விட்டுவிடுவது நியாயமில்லை.

இன்னொரு எதிரி துணியில் விழும் சுருக்கம். இறக்கையின் நீளவாக்கில் ஓடி, வளைவின் பாரத்தைத் தாங்கும் தடித்த பட்டைக்கு 'ஸ்பார் கேப்' என்று பெயர். அதில் நார்கள் நேராகக் கிடந்தால்தான் அமுக்கத்தைத் தாங்கும். லேசாக அலைபோல் நெளிந்தாலே வலிமை வெகுவாக இறங்கிவிடும். கார்பன் நாரில் இந்தப் பாதிப்பு இன்னும் கடுமை.

இந்தச் சிக்கல்களைக் காகிதத்திலேயே தீர்க்க முயன்ற ஓர் ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. 2000-களில் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 9 மீட்டர் நீளத்தில் மூன்று வகை இறக்கைகளை வடிவமைத்தது. செய்து கொடுத்தது டிபிஐ என்கிற இறக்கை தயாரிப்பு நிறுவனம். அவற்றில் ஒன்றின் பெயர் பிஎஸ்டிஎஸ். அதில் கார்பன் ஸ்பார் கேப் முழு நீளத்துக்கும் ஒரே தடிமன். எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று தடுமாற வேண்டியதில்லை. காற்றாலையின் மையத்தோடு இணையும் அடிப்பகுதியில் பின்விளிம்பைக் கூராக முடிக்காமல், கத்தியால் நறுக்கிய வாழைத்தண்டு போலத் தட்டையாக விட்டார்கள். இதைத்தான் 'ஃபிளாட்பேக்' என்கிறோம்.

கூரான விளிம்பில் இரண்டு ஓடுகளும் குறுகிய இடுக்கில் சந்திக்கும். துணி விரிப்பதும் பசை இடுவதும் அங்கே பெரும்பாடு. தட்டையாக விட்டால் இடமும் கிடைக்கிறது, கட்டமைப்பும் உறுதிப்படுகிறது. காற்று இழுவை கூடும், சத்தமும் கொஞ்சம் எழும், உண்மைதான். ஆனால் அடிப்பகுதி காற்றில் நகரும் வேகம் குறைவு, மின்சாரத்தில் அதன் பங்கும் குறைவு. அந்த இழப்பைத் தாராளமாக ஏற்கலாம். சோதனையில் மூன்றில் எடை குறைந்ததும், அதிகச் சுமை தாங்கியதும் இந்த பிஎஸ்டிஎஸ்தான். செய்வதற்கு எளிதாக்கினால் வலிமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்த ஒரு முடிவையே நான் எடுத்துக்காட்டுவேன்.

பெரிய நிறுவனங்களும் இந்த வழியில் யோசித்திருக்கின்றன. டென்மார்க்கின் காற்றாலை நிறுவனமான வெஸ்டாஸ், கார்பன் நாரை முன்கூட்டியே ரெசினில் நனைத்து இழுத்து, இறுகிய நீளப் பட்டைகளாக்கி அடுக்குகிறது. நார் நேராக இருப்பதை எந்திரமே பார்த்துக்கொள்கிறது. டென்மார்க்கில் சீமென்ஸ் முழு இறக்கையையும் ஒரே வார்ப்பாகச் செய்யும் முறையைக் கையாண்டது. ஓடுகளை ஒட்டும் பசை இணைப்பே அதில் கிடையாது. ஆனால் ரெசின் ஓட்டத்தில் பிழை நேர்ந்தால் ஒரு பகுதியோடு போகாது, முழு இறக்கையும் ஆபத்தில் மாட்டும். எனவே எல்லோருக்கும் ஒரே வழி என்று நான் சொல்லமாட்டேன்.

சென்னையைச் சுற்றி இறக்கைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. நம் பொறியியல் மாணவர்கள் கணினியில் இறக்கை வரைவதில் வல்லவர்கள். அவர்களைக் கையுறை மாட்டி அச்சின்முன் நிறுத்தி, ஒரு மீட்டர் நீள இறக்கையையாவது துணி விரிப்பதிலிருந்து பசை இட்டு மூடுவது வரை செய்யவைக்க வேண்டும். மூடியதும் அதைக் குறுக்கே அறுத்து, பசை எங்கெல்லாம் எட்டவில்லை என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இதைக் கல்லூரிகள் பாடத்திட்டத்திலேயே சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.