ஸ்ட்ரைக்கர் மோதிய அந்த நேரம்

(வியாசர்பாடியில் ஒரு கேரம் மன்றத்தில், ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, போர்டை விட்டு மனசில்லாமல் எழுந்து வந்திருக்கிற தம்பிகளே, வணக்கம்.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவன் நான். மணிக்கு ஒரு தடவை லாக் புக்கில் ரீடிங் எழுத வேண்டும். பிரஷர் இவ்வளவு, டெம்பரேச்சர் இவ்வளவு. ரியாக்டருக்குள், அதாவது வேதிவினை நடக்கும் கலனுக்குள், என்ன போகிறது என்று தெரியும், வெளியே என்ன வருகிறது என்றும் தெரியும். நடுவில் என்ன நடக்கிறது? ஒருமுறை ஷிப்ட் இன்ஜினியரைக் கேட்டேன். "அது எதுக்குய்யா உனக்கு, வால்வைப் பாரு" என்றார்.

அந்த நடுவைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பியவர் அகமது ஸெவெய்ல் என்ற வேதியியல் விஞ்ஞானி. 1946-இல் எகிப்தின் தமன்ஹூரில் பிறந்து தெசூக்கில் வளர்ந்தவர். அப்பா பாகங்களைச் சேர்த்து சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பூட்டக் கற்றவர், அப்புறம் அரசாங்க வேலைக்குப் போனார். பையன் என்ன செய்தான் தெரியுமா? அம்மா காபி போடும் எண்ணெய் அடுப்பையும் இரண்டு மூன்று கண்ணாடிக் குழாய்களையும் தன் அறைக்குக் கொண்டுபோய், மரம் எப்படி எரியும் வாயுவாக மாறுகிறது என்று சோதித்தான். வீடே எரிந்திருக்கும் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நம் வீட்டில் என்றால் முதுகு பழுத்திருக்கும்.

அலெக்சாண்டிரியாவில் படித்தார், அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் வாங்கினார், 1976-இல் அங்கேயே கால்டெக் என்கிற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அதெல்லாம் இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்ட்ரைக்கர் போகிறது, காயின் பாக்கெட்டில் விழுகிறது. அடிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ, விழுந்த பிறகு ஒரு போட்டோ என்று இரண்டை மட்டும் காட்டி, ஆட்டத்தைச் சொல் என்றால் எப்படிச் சொல்வீர்கள்? வேதியியல் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. அணுக்களுக்கு நடுவே பழைய பிணைப்பு அறுந்து புதியது உருவாகும் இடைநிலை ஒன்று உண்டு என்று 1930-களில் ஐரிங், போலன்யி என்ற விஞ்ஞானிகள் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஏனென்றால் அது நடக்கும் நேரம் பெம்டோ நொடிக் கணக்கு. ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பத்தாகப் பிரித்தால் வருவது ஒரு பெம்டோ நொடி. ஒரு நொடிக்குப் பக்கத்தில் அது எப்படியோ, அப்படித்தான் 3.2 கோடி வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு நொடி.

அவ்வளவு வேகமான ஷட்டர் எந்தக் கேமராவிலும் கிடையாது. அவர் லேசரைக் கையில் எடுத்தார், அதன் ஒளியை மிகச் சிறிய துடிப்புகளாக அனுப்பினார். முதல் துடிப்பு மூலக்கூறை உதைத்து வினையைத் தொடங்கிவைக்கும். பின்னாலேயே இரண்டாவது துடிப்பு வந்து, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும். இரண்டுக்கும் நடுவே 100 பெம்டோ நொடி இடைவெளி வேண்டும் என்று வையுங்கள், எந்தக் கடிகாரத்தை நம்புவது? இங்கேதான் எனக்கு அவர் மேல் காதலே வந்தது. ஒளி ஒரு பெம்டோ நொடியில் 0.3 மைக்ரான் தூரம் போகும்; ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு மைக்ரான். அப்படியென்றால் இரண்டாவது துடிப்பை 30 மைக்ரான் சுற்றிவர வைத்தால் சரியாகிவிடும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான தூரம் அது. துடிப்பைத் திருப்பிவிடும் கண்ணாடியைத் துளி நகர்த்தினால் காலம் நகர்கிறது!

1987-இல் அவரும் அவர் குழுவும் அயோடின் சயனைடு என்ற மூலக்கூறை உடைத்துப் பார்த்தார்கள். அயோடினும் கார்பனும் பிரிய சுமார் 200 பெம்டோ நொடி. அடுத்து சோடியம் அயோடைடு. அது உடனே உடையவில்லை. இரண்டு அணுவும் விலகி, நெருங்கி, மறுபடி விலகி ஊசலாடின, ஊசலுக்கு ஏறக்குறைய 1,250 பெம்டோ நொடி. ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு மூலக்கூறுகள் பிரிந்துபோயின. ரெட் காயின் பாக்கெட் விளிம்பில் நின்று விழவா வேண்டாமா என்று ஆடுமே, அது மாதிரி.

1999-இல் வேதியியல் நோபல் அவருக்கு மட்டும், பங்காளி யாரும் இல்லாமல். அறிவியலில் நோபல் வாங்கிய முதல் எகிப்தியர். அதோடு உட்கார்ந்துவிடவில்லை. லேசரோடு எலக்ட்ரானையும் சேர்த்து, அணுக்கள் நகர்வதைப் படம்பிடிக்கும் நுண்ணோக்கி செய்தார். கெய்ரோ பக்கத்தில் ஓர் அறிவியல் நகரத்துக்கு அடிக்கல் போட்டார், அது எழுவதற்குள் வருடக்கணக்கில் இழுபறி. 2016 ஆகஸ்டில், 70 வயதில், அமெரிக்காவில் காலமானார். உடலை எகிப்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அந்த இன்ஜினியர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. பார்த்தால், வால்வையும் பார்த்தேன் சார், உள்ளேயும் பார்த்துட்டாங்க என்று சொல்ல வேண்டும். சரி, கேள்வி இருந்தால் விளையாடிக்கொண்டே கேளுங்கள் தம்பி. பவுடர் டப்பாவை யார் எடுத்தது?