களை பிடுங்காப் பயிர் கால் பயிர்

தலைவர் அய்யா அவர்களே, வேலை நாள் என்றும் பாராமல் கோவையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, பந்தலுக்குக் காசு வாங்க மறுத்த மஞ்சள் மண்டி அண்ணன் அவர்களே, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் விவசாயிகளே, வணக்கம். (மண்டி அண்ணன் பெயரை முதலிலேயே சொல்லாவிட்டால் மைக் நின்றுவிடும்.)

மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

எங்கள் அத்தைக்கு வயிறு உப்பியது. இரண்டு வாய் சோற்றிலேயே போதும் என்பார். சேலைக் கொசுவம் ஒவ்வொரு மடிப்பாகக் குறைந்தது. மருந்துக்கடையில் ‘கேஸ்’ என்றார்கள். ஓமத்தண்ணீர், சோடா, ஏழு மாதம். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள், “ஏனுங்க்கா, இந்த வயசுல விசேசமா?” என்று கேட்டே விட்டாள். அத்தை அசரவில்லை. “ஆமா கண்ணு, வளைகாப்புக்கு வந்துரு. உங்க மாமனை இன்னும் கண்ணுல காணோம்!” மாமா திண்ணையில்தான் இருந்தார்!

ஸ்கேனில் வயிறு நிறைய நீர். சினைப்பைப் புற்று, குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வெங்கும் மணி மணியாகப் பரவியிருந்தது. மூன்று கீமோ கொடுத்துவிட்டு அறுவை செய்தார்கள். காலையில் உள்ளே போனவர் இரவில்தான் வந்தார். மாமா தோளில் இருந்த துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே கதவைப் பார்த்திருந்தார்.

களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்போம். அங்கே நடந்ததும் களையெடுப்புதான். கண்ணில் பட்ட கட்டியையெல்லாம் எடுத்தபின், கீமோ மருந்தை 42 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள்ளேயே சுழலவிட்டார்கள். இதற்கு ஹைபெக் என்று பெயர். மருந்து சில மில்லிமீட்டர்தான் ஊறும். பெரிய கட்டியை விட்டுவைத்தால் வீண். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சினைப்பைப் புற்று வந்த 245 பெண்களிடம் செய்து பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள்: அறுவை மட்டும் என்றால் பாதிப் பேர் 33.9 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள், ஹைபெக்கும் சேர்ந்தால் 45.7 மாதம் தாண்டி. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது. பெருங்குடல் புற்றில் பிரான்சு ஆய்வில் ஆயுள் கூடவில்லை. அதை டாக்டர் அம்மா சொல்வார்.

அத்தை இன்று மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுகிறார். ஆனால் அந்த ஏழு மாதம்? களை முளைக்கும்போதே குனிந்து பார்க்க ஆள் வேண்டாமா? நம் தாலுகா ஆஸ்பத்திரியில் தினமும் ஸ்கேன் வேண்டும். மூன்று வாரம் வயிறு உப்பிய பெண்ணை ஓமத்தண்ணீரோடு அனுப்பக்கூடாது. இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். மற்ற இரண்டு விஷயத்துக்கும் தலைவர் மணியைப் பார்க்கிறார்.

மனு நோட்டு வாசலில் சர்க்கரைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா என்னுடையது.